புகை போடாத போகி

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கார்த்திகை பிறந்து பனி இறங்கிவிட்டால் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் யாரும் சத்தமாகப் பேசமாட்டோம். ரேடியோகூட வைக்கமாட்டோம். அவளுடைய மூச்சு எப்படி வருகிறது என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் தூரத்தில் பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிசாக ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் விலா எலும்பு உள்ளே போகும், கழுத்துக் குழி பள்ளம் விழும். உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கிக் காற்றைத் தேடுவாள். அந்த நேரத்தில் அவளால் பேச முடியாது. என் முகத்தையே பார்ப்பாள். அம்மா ஏதாவது செய்துவிடுவாள் என்று நம்புகிற பார்வை அது. முதுகைத் தடவுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

கரி அடுப்பைப் பின்வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டேன். மழையானாலும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் சமையல். சாம்பிராணி, ஊதுவத்தி எல்லாம் நின்று போயின. கார்த்திகை தீபத்தன்று தெருப் பையன்கள் மாவலி சுற்றினார்கள். நெருப்புப் பொறி வட்டம் வட்டமாகப் பறந்ததை அவள் சாத்திய ஜன்னலின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "அம்மா, நான் எப்போ வெளியே போலாம்?" என்று கேட்டாள். "தை பொறக்கட்டும் கண்ணு" என்றேன். தை பிறப்பதற்கு முந்தின நாள் போகி. அந்த ஒரு நாளைத் தாண்டவேண்டும்.

நாங்கள் தாராபுரம் பக்கத்துக்காரர்கள். என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் ஊரில் போகியன்று நெருப்பு கிடையாது. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வாசலில் செருகுவோம். அதற்குக் காப்புக்கட்டு என்று பேர். நெய்வேலியிலோ விடிவதற்கு முன்னால் தெருவில் தீ மூட்டுவார்கள். கிழிந்த பாய், பழைய முறம், தேய்ந்த துடைப்பம் எல்லாம் அதில் போகும். பிள்ளைகள் சின்ன மேளத்தைத் தட்டிக்கொண்டு சுற்றிவரும். டவுன்ஷிப்பில் லாரி டயரும் அதோடு சேர்ந்துகொண்டது.

முந்தின வருஷம் அந்த டயர் புகைதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. கதவிடுக்கெல்லாம் ஈரத் துணி திணித்து வைத்திருந்தேன். அப்படியும் உள்ளே வந்துவிட்டது. உதடு நீலம் பாரித்துவிட்டது. மருந்தேற்றி, ஆக்ஸிஜன் வைத்து, மூச்சு திரும்பியபிறகு டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "பனியும் புகையும் சேரக்கூடாதும்மா. இதே மாதிரி இன்னொரு தடவை வந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இந்த வருஷம் பனிக்கு முன்னாலேயே ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று ஐப்பசியில் புறப்பட்டோம். விருத்தாசலம் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போதே இழுப்பு வந்துவிட்டது. பழக்கமில்லாத ஊர். யாரைக் கேட்பது, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. ஒரு போர்ட்டர்தான் ரிக்‌ஷா பிடித்து ஒரு டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தபிறகு என் கணவர் சொல்லிவிட்டார்: "இனி வண்டி ஏறவேண்டாம். இங்கேன்னா ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குது. நடக்கறது இங்கேயே நடக்கட்டும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு நான் அவரோடு பேசாமல் இருந்தேன். பாவம், அவரும் என்ன செய்வார்.

மார்கழி பிறந்ததும் வீடு வீடாகப் போனேன். "இந்த வருஷம் நம்ம தெருவுல மட்டும் புகை போடவேண்டாமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சில பேர் சரி என்று தலையாட்டினார்கள், அதில் எத்தனை பேர் நிஜமாகச் சொன்னார்கள் என்று தெரியாது. கோடி வீட்டுக்காரர், "ஒரு பிள்ளைக்காகத் தெருவே பண்டிகையை விடணுமாம்மா? கதவைச் சாத்திக்குங்க" என்றார். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் கிடையாது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவைத்தான் நான் பெரிதாக நம்பியிருந்தேன். அவர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர். அவருடைய வீட்டுக்காரரை அந்த வருஷம் சித்திரையில் வடலூர் ரோட்டில் லாரி அடித்துவிட்டது. மாசக்கணக்கில் படுத்த படுக்கை. ஐப்பசியில்தான் ஊன்றுகட்டையை விட்டு நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கியிருந்தார். அத்தனை நாளும் அக்காவுக்குக் கடைகண்ணிக்குப் போனதும் சமைத்துப் போட்டதும் நான்தான். அதனால் அவர் மறுக்கமாட்டார் என்று நினைத்தேன்.

"இன்னாம்மா பேசற நீ? பொகை போடாத போகியா?" என்றார் அக்கா.

பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் கொட்டகையைத் திறந்து காட்டினார். அவர் புருஷன் படுத்திருந்த நார் மெத்தை, ரத்தக்கறை போகாத போர்வை, ஊன்றி நடந்த கட்டை எல்லாம் உள்ளே குவிந்திருந்தன.

"எல்லாத்தையும் போகிக்கின்னு வச்சிக்கினு இருக்கறேன். இத வாசல்ல போட்டுக் கொளுத்தினாத்தான் வூட்ட புடிச்ச பீடை போவும். இன்னொரு தபா அந்த மனுசனுக்கு ஏதாச்சும் ஆனா நான் எங்க போவேன், சொல்லு."

"வேற எங்கயாச்சும் கொண்டுபோய்க் கொளுத்தக்கூடாதுங்களா அக்கா?"

"வூட்டுப் பீடைய வூட்டு வாசல்லதான் கொளுத்தணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கொட்டகைக் கதவைத் தாழிட்டு, ஒருதரம் இழுத்துப் பார்த்தார். என் மகளின் மூச்சை எண்ணி நான் எப்படிப் பயந்தேனோ அதே பயம் அவர் முகத்திலும் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

எதிர் வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் கடையில் எதுவும் வாங்கமாட்டார்கள். மூங்கிலைச் சீவிக் கட்டி, பழைய காகிதத்தில் சாயம் ஏற்றி ஒட்டி, நட்சத்திரம் செய்வார்கள். குடிலுக்குக் களிமண்ணும் வைக்கோலும். குடிலைச் சுற்றிப் பச்சைக்கு, தட்டில் கேழ்வரகு முளைக்கப்போடுவார்கள். வெயில் ஏறியபிறகு என் மகளை அங்கே கொண்டுபோய் விடுவேன். கழுத்தில் மப்ளரோடு உட்கார்ந்து காகிதத்துக்குப் பசை தடவிக்கொண்டிருப்பாள். கேழ்வரகு முளை விட்ட அன்று, "அம்மா, புல்லு வந்திருச்சு, புல்லு வந்திருச்சு" என்று கத்தினாள். அவ்வளவு கத்தியும் இருமல் வரவில்லை. அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

டீச்சரிடம் என் கவலையைச் சொன்னேன். "பெரியவங்ககிட்ட கெஞ்சி என்னங்க பிரயோசனம்? டயர் சேர்க்கறது பிள்ளைங்கதானே. செய்யாதேன்னு சொன்னா கேட்காதுங்க. கைக்கு வேற வேலை குடுங்க" என்றார்.

பையன்கள் அதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டயர் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர்களை எதைக் காட்டி இழுப்பது? என் தோட்டத்தில் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. மார்கழிக் கோலத்துக்குச் சாணி உருண்டையில் செருகப் பூசணிப்பூ வேண்டும். தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் விடியும்போதே என் கேட்டருகில் வந்து நிற்பார்கள். மறுநாள் நான் கொடியருகில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன்: "உங்க அண்ணன் தம்பிங்க டயரைக் கொண்டாந்து குடுத்தாத்தான் பூ."

தெருவில் ஒரே ரகளை. எந்த வாசலில் கோலத்துக்குப் பூ இல்லையோ அந்த வீட்டுப் பெண் தம்பியைப் போட்டு உலுக்கினாள். ஒரு பையன் அழுதுகொண்டே டயரை உருட்டி வந்தான். "இந்தாங்க. எங்கக்கா என்னைய அடிச்சிகினே இருக்கறா" என்றான். என் கணவர் அந்த டயரை மாமரத்தில் கயிறு போட்டுக் கட்டி ஊஞ்சலாக்கினார். அதைப் பார்த்து மற்ற டயர்களும் ஒன்றொன்றாக வந்தன. சிலதில் மண்ணை நிரப்பிக் கீரை போட்டோம். தோட்டத்து மூலையில் குழி வெட்டி, பழைய பாய், துடைப்பம், முறம் எதுவானாலும் இதில் கொண்டுவந்து போடுங்கள், மக்கி உரமாகட்டும் என்றேன். ஊஞ்சலாட வருகிற பிள்ளைகள் வரும்போதே எதையாவது இழுத்துக்கொண்டு வந்தன. ஒரு பிள்ளை நல்ல பாயையே தூக்கி வந்துவிட்டது. அதன் அம்மா பின்னாலேயே ஓடிவந்து திட்டி வாங்கிப் போனாள்.

மேளத்தை யாரும் விடவேண்டாம் என்றும் சொன்னேன். தீயில்லாமல் மேளம் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம், வாசலில் காப்புக் கட்டுவோம். எங்கள் ஊரில் அது சாயங்காலம் செய்வது. இந்தப் பிள்ளைகளுக்கு விடியற்காலைக்கு ஏதாவது வேண்டுமே என்று நான் நேரத்தை மாற்றிக்கொண்டேன். போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுன்ஷிப் வேலிக்கு அப்பால் வயற்காட்டுப் பக்கம் போனேன். வரப்பெல்லாம் பூளைப்பூ வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஆவாரம்பூவுக்கு இன்னும் கொஞ்சம் நடக்கவேண்டியிருந்தது. என் மகளைக் கூட்டிப்போகவில்லை, தூசி ஆகாது. திரும்பி வந்தபோது கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு வேலை இல்லையா?" என்றாள். கொத்துக் கட்டுகிற வேலை அவளுக்கு. பெரிய பையன்களையெல்லாம் அதட்டி வேப்பிலை ஒடித்து வரச்சொன்னாள். அன்று முழுதும் மூச்சு நன்றாக இருந்தது. ஒருவேளை தப்பித்துவிடுவோமோ என்று முதல்தடவையாகத் தோன்றியது.

ஆனால் பக்கத்து வீட்டுக் கொட்டகை அப்படியே இருந்தது. மற்ற எல்லா வீட்டையும் எப்படியோ சரிக்கட்டிவிட்டேன். அடுத்த வாசலில் அந்த மெத்தை எரிந்தால் எல்லாம் வீண். போகிக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் காலில் விழுந்துவிட்டேன். துவைக்கிற கல்லருகில் சோப்புத் தண்ணீரிலேயே விழுந்தேன்.

"அய்யய்யோ, இன்னாம்மா இது" என்று பின்னால் நகர்ந்தார். என்னைத் தூக்கவுமில்லை. நானாக எழுந்தேன். அவர் குனிந்து துணியைப் பிழியத் தொடங்கினார். அவருடைய வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

போகியன்று இருட்டு பிரிவதற்கு முன் எழுந்து முதலில் அவர்கள் வாசலைத்தான் பார்த்தேன். வாசலில் எதுவும் இல்லை. பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். கொட்டகை திறந்து கிடந்தது, உள்ளே காலி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர் வீட்டு டீச்சர் கோலமாவோடு நின்றிருந்தார். "ரெண்டு பேரும் மெத்தையை சைக்கிள்ல கட்டிக்கிட்டுத் தள்ளிக்கிட்டே போனாங்க. தெற்கே, அந்தப் பெரிய பொட்டல் பக்கம்" என்றார். காற்று வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அங்கே எரித்தால் புகை எங்கள் பக்கம் வராது. நொண்டுகிற காலோடு அந்த மனுஷன் அவ்வளவு தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். வீட்டு வாசலில்தான் கொளுத்தவேண்டும் என்று நம்புகிறவர்கள்.

பிள்ளைகள் மேளத்தோடு வந்துவிட்டன. வடக்குக் கோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். கோடி வீட்டுக்காரர் தன் கேட்டில் கொத்தைத் தானே பிடித்துக்கொண்டு கட்டச் சொன்னார். எங்கள் கேட்டில் கட்டுகிற உரிமை என் மகளுடையது. உடம்பெல்லாம் சுற்றி, காதை மூடி வெளியே கூட்டிவந்தேன். தீயே இல்லாத தெருவில் மேளம் மட்டும் கேட்டது. அவள் நுனிக்காலில் நின்று கொத்தைச் செருகினாள். பிள்ளைகள் "ஓ" என்று கத்தின.

அப்போதுதான் எனக்கு நாற்றம் தெரிந்தது. ரப்பர் கருகுகிற நாற்றம். எங்கள் தெரு ஒன்றுதான் தீ போடவில்லை. வடக்கே மற்ற பிளாக்குகளில் எல்லாம் போட்டிருந்தார்கள். அந்தப் புகை மேலே போகமுடியாமல் பனியோடு கலந்து, தரையோடு தரையாக மஞ்சளாக வந்துகொண்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஓடும்போதே என் தோளில் அந்தப் பூனைச் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

கதவைச் சாத்தினேன். ஈரத் துணியை முகத்தருகில் பிடித்தேன். இழுப்பு எதற்கும் அடங்கவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. என் கணவர் நைட் ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. வாசலுக்கு வந்து யாராவது வாருங்கள் என்று அலறினேன்.

பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் பொட்டலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சாம்பல். என் சத்தம் கேட்டு ஓடிவந்தவர் கேட்டருகில் அப்படியே நின்றுவிட்டார். தன் முந்தானையை மோந்து பார்த்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "நான் கிட்ட வரமாட்டேன், எம்மேல பொகை நாறுது, நான் கிட்ட வரக்கூடாது" என்று அழுதார். அவருக்கும் எனக்கும் நடுவில் நாலடிதான் இருக்கும். அந்த நாலடியைத் தாண்டமுடியாமல் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரர் எதிர் வீட்டுக் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினார். டீச்சரின் கணவர் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் ஏறி அவளை மடியில் இறுக்கிக்கொண்டேன். தெருமுனை திரும்பும்போது பிள்ளைகள் மேளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே எடுத்துப்போனார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். எந்தச் சாமியையும் கூப்பிடத் தோன்றவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தார். குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு அந்தப் பனியில் நடந்தே வந்திருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப நாறலியே? மோந்து பாரு, நாறலியே?" என்று கேட்டார். நான் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் கணவர் சுரங்கத்து பூட்ஸோடு ஓடிவந்தார். சுரங்கத்து கேட்டிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அக்காதான், "கீதுங்க, கீதுங்க. உள்ள வச்சிக்கினு இருக்காங்க" என்றார்.

பொங்கலன்று வார்டில்தான் இருந்தோம். அவளுக்குப் பேச்சு திரும்பியிருந்தது, ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்த வேண்டும். டாக்டர் என் கணவரையும் என்னையும் கூட்டி வைத்துச் சொன்னார். தெருவில் புகையில்லாததால் கொஞ்சம் தாங்கியிருக்கிறாள், இல்லாவிட்டால் கொண்டுவந்து சேர்க்க நேரம் இருந்திருக்காது. ஆனால் எத்தனை தெருவை அணைப்பீர்கள்? இந்தப் பனி இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வறண்ட ஊராகப் பார்த்துக் கொண்டுபோய் வையுங்கள்.

வறண்ட ஊர் என்றால் எங்கள் ஊர்தான். அங்கே என் அண்ணன் வீடு இருந்தது. வேலையை விட்டுவிட்டு இவர் வரமுடியாது. வந்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பங்குனி வெயிலில் அவளுக்கு மூச்சு நன்றாக இருந்தபோது நானும் அவளும் கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "அப்பாவுக்கு யாரு சோறு போடுவாங்க?" என்று அவள் கேட்டாள். கீழே நின்றிருந்த என் கணவர், "பக்கத்து வூட்டு அத்தை போடுவாங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவர் சொன்னபடியே அக்கா செய்தார். வருஷக்கணக்காகச் செய்தார்.

என் கணவர் அங்கேயும் நானும் மகளும் இங்கேயுமாகப் பிரிந்தே வாழ்ந்தோம். அடுத்த போகிக்கு எங்கள் தெருவில் மறுபடி தீ போட்டார்கள் என்று அவர் கடிதம் எழுதினார். எங்கள் பிள்ளைதான் அங்கே இல்லையே, யாருக்காக விடவேண்டும்? பக்கத்து வீட்டில் மட்டும் போடவில்லையாம்.

அண்ணன் வீட்டுக்குப் போன முதல் வருஷம் அவளுக்கு இரண்டொரு தடவை இழுப்பு வந்தது. பிறகு குறைந்தது. ஒரு மாசி மாதம், ஷிப்ட் மாற்றிக்கொண்டு என் கணவர் பார்க்க வந்தார். பஸ் இறங்கி அவர் நடந்து வருவதைக் களத்திலிருந்து பார்த்துவிட்டு அவள் ஓட ஆரம்பித்தாள். அவர் பையைக் கீழே போட்டுவிட்டு, "ஓடாதே, ஓடாதே அம்மிணி, நில்லு" என்று பதறிக்கொண்டு எதிரே ஓடிவந்தார். அவள் நிற்கவில்லை. அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு மேல்மூச்சு வாங்கச் சிரித்தாள். அவர் குனிந்து அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். அந்தப் பூனைச் சத்தம் இல்லை. பிறகு நிமிர்ந்து, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் திரும்பிப் போனார்.